இரேடியம்: கண்டவரும் விற்றவரும் உண்டவரும்

விஞ்ஞான வரலாறு எமது பாடநூல்களில் எழுதப்படும் முறை ஆசிரியர் யாவரும் அறிந்ததே. ஓர் அறிஞர், ஓர் ஆய்வுகூடம், ஓர் ஆண்டு, ஒரு கண்டுபிடிப்பு. 1895, றொண்ட்ஜன், எக்ஸ் கதிர். 1896, பெக்கரல், யுரேனியக் கதிர். 1898, கியூரி தம்பதியர், பொலோனியமும் இரேடியமும். மாணவன் இவ்வரிசையை மனனஞ் செய்கிறான், பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகிறான், பின்னர் மறந்துவிடுகிறான். இவ்வரிசையில் 1925 என்ற ஆண்டு இடம்பெறுவதில்லை. அவ்வாண்டிலேதான், இரேடியம் மனித உடலினுள்ளே சென்றால் எலும்பிற் குடியேறி அங்கிருந்தபடியே ஆளைக் கொல்லும் என்ற உண்மை வைத்திய உலகின் முன்னே சான்றுகளுடன் வைக்கப்பட்டது. அதுவும் ஒரு கண்டுபிடிப்பே. பௌதிகனின் மானியும் வைத்தியனின் கத்தியும் ஒருங்குசேர்ந்து நிலைநாட்டிய கண்டுபிடிப்பு. ஆனால் அது பிறந்த இடம் பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் அன்று. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஒறேஞ்ச் என்னும் ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலை. அதற்கு வேண்டிய ஆய்வுப்பொருளைத் தம் தாடையெலும்பாகவும் முதுகெலும்பாகவும் கொடுத்தவர்கள் அங்கு கூலிக்கு வேலை செய்த இளம்பெண்கள்.

இக்கதையைச் சொல்லப் புகுமுன் முதற் கண்டுபிடிப்பாளரைப் பற்றி நேர்மையாகச் சில வார்த்தை கூறவேண்டும். 1895 நவம்பர் 8ஆந் திகதி வூர்ட்ஸ்பேர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்ட றொண்ட்ஜன் அதற்குக் காப்புரிமை பெற மறுத்தார். சில வாரங்களுக்குள் ஐரோப்பாவெங்கும் வைத்தியர்கள் உடைந்த எலும்பையும் உடலிற் புதைந்த குண்டையும் அக்கதிரால் நோக்கத் தொடங்கியமைக்கு அம்மறுப்பும் ஒரு காரணம். கியூரி தம்பதியரும் அவ்வழியே நின்றனர். பொகீமியாவின் யோக்கிம்ஸ்தால் சுரங்கத்திலிருந்து வந்த தாதுக் கழிவை, தொன் கணக்கில், ஒழுகுங் கூரையுடைய ஒரு கொட்டகையிலே காய்ச்சிக் காய்ச்சி, 1902ஆம் ஆண்டில் அவர்கள் பெற்ற தூய இரேடியங் குளோரைட்டு ஒரு கிராமின் பத்திலொரு பங்கு. அதனைப் பிரித்தெடுக்கும் முறையை விலைக்கு விற்றிருந்தால் செல்வந்தராயிருக்கலாம். அவர்களோ அம்முறையை மறைவின்றி வெளியிட்டனர். விஞ்ஞானம் பொதுச்சொத்து என்ற உணர்வு அத்தலைமுறையிற் சிலருக்கேனும் வெறும் மேடைப்பேச்சாக இருக்கவில்லை.

இரேடியம் வைத்தியத்துக்குட் புகுந்த வாயிலும் ஒரு தற்செயல். பெக்கரல் சட்டைப்பையில் இட்டுச் சென்ற குழாய் அவர் தோலைச் சுட்டது. பியேர் கியூரி வேண்டுமென்றே தம் கையில் இரேடியத்தைப் பத்து மணிநேரம் வைத்துக் கட்டி, உண்டான புண் ஆற எத்தனை வாரமாகிறது எனக் குறித்து வைத்தார். 1901இல் இருவரும் அவ்வனுபவத்தை வெளியிட்டனர். நல்ல தசையைச் சுடுவது கெட்ட தசையையுஞ் சுடுமன்றோ? புற்றுநோய்க் கட்டிகளைக் கருக்க இரேடியம் பயன்படத் தொடங்கிற்று, பயனுந் தந்தது. அதனால் உயிர் நீடித்தோர் பலர். இதை நாம் மறுக்கவில்லை.

ஆயின் காப்புரிமையின்றி உலகுக்கு விடப்பட்ட பொருள் உலகின் கைக்கு வந்துவிடவில்லை. மூலதனம் உள்ளவன் கைக்கே அது போயிற்று. முறை இலவசம், தாதுவும் ஆலையும் இலவசமல்லவே. அமெரிக்காவின் கொலராடோத் தாதுவைக் கொண்டு கம்பனிகள் இரேடியம் ஆக்கின. கிராம் ஒன்றின் விலை ஓர் இலட்சம் டொலரைத் தாண்டிற்று. 1921இல் மேரி கியூரி தம் ஆய்வுகூடத்துக்கு இன்னொரு கிராம் இரேடியம் வேண்டி அமெரிக்கா சென்றபோது, அதனை வாங்க அமெரிக்கப் பெண்கள் சந்தா திரட்டினர். மே 20ஆந் திகதி ஜனாதிபதி ஹார்டிங் அதனை அவரிடம் அளித்தார். கண்டவரே தாம் கண்டதைப் பிறர் ஈகையாற் பெறவேண்டிய நிலை. அவ்வம்மையார் தனக்கென ஒன்றும் வைக்காது, நன்கொடைப் பத்திரத்தை ஆய்வுகூடத்தின் பெயருக்கு மாற்றச்செய்த பின்னரே அப்பரிசை ஏற்றார் என்பதையும் சொல்லவேண்டும்.

இங்கே இலங்கை வாசகருக்கு ஒரு கிளைக்கதை. 1904ஆம் ஆண்டில் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினக்கல் மணலிடையே கனத்த கரிய கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கையின் கனிப்பொருளாய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தவர், பின்னாளிற் கலை விமரிசகராகப் புகழ்பெற்ற ஆனந்தக் குமாரசுவாமி. அவர் தொழிலாற் புவியியலறிஞர் என்பதை இன்று நினைப்போர் சிலர். இலண்டனில் நடந்த பகுப்பாய்வில் அது புதிய கனியமெனத் தெரிந்து தோரியனைற்று என்ற பெயர் பெற்றது. அதிலிருந்து எடுத்த உப்பொன்றைத்தான் இலண்டனில் இராம்சே தம்மிடம் வந்த இளைஞர் ஓட்டோ ஹானிடங் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். ஹான் பிரித்தபோது, எதிர்பாராத ஒரு பொருளைக் கண்டார்; ரேடியோதோரியம் எனப் பெயரிட்டார். ஆண்டு 1905. அத்தடத்திலே தொடர்ந்து சென்று 1907இல் பேர்லினில் அவர் கண்டதே மெசோதோரியம். வாயு விளக்குக்கு வேண்டிய தோரியத்தை மொனசைற்று மணலிலிருந்து எடுக்கும் ஆலைகளிற் கழிவாகக் கிடைத்த இப்பொருள், இரேடியத்திலும் மலிவானது. ஆகவே இரேடியத்துக்குப் பதிலாகவும் அதனோடு கலந்தும் சந்தைக்கு வந்தது. குடியேற்ற நாட்டுக் கல் ஒன்றில் தொடங்கிய அறிவு எத்தனை கை மாறி எங்கே சென்றது என்பதை வாசகர் இனிக் காண்பர்.

1914இல் மூண்ட யுத்தம் கதிர்களுக்கு இரு வேலை கொடுத்தது. மேரி கியூரியும் அவர் மகள் ஐரீனும் எக்ஸ் கதிர்க் கருவி பொருத்திய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டுசென்று காயமுற்றோரின் உடலில் குண்டிருக்குமிடங் காட்டினர். அத்தகைய வண்டி இருபதும் நிலையான கூடங்கள் இருநூறும் அவ்வம்மையாரின் முயற்சியால் அமைந்தன. அது ஒரு வேலை. மற்றையது, இருளில் மணி பார்க்க வேண்டிய படைவீரனுக்கு ஒளிருங் கடிகாரம். துத்தநாக சல்பைட்டுடன் இம்மியளவு இரேடியத்தைக் கலந்தால், அக்கலவை விளக்கின்றியே ஒளிரும். 1917இல் ஒறேஞ்ச் நகரில், பின்னாளில் அமெரிக்க இரேடியக் கூட்டுத்தாபனம் எனப் பெயர்பெற்ற கம்பனி அதற்கென ஒரு தொழிற்சாலை திறந்தது. யுத்தம் முடிந்தும் வியாபாரம் முடியவில்லை. வீட்டுக் கடிகாரம், விமான மானி, மின்விசைப் பொத்தான், பொம்மையின் கண் எல்லாம் ஒளிர்ந்தன.

இலக்கங்களை எழுதியோர் பெரும்பாலும் இளம்பெண்கள்; சிலர் பதினைந்து வயதும் நிரம்பாதோர். கூலி முகப்பெண்ணிக்கைக்கு, ஒரு முகப்புக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதம். நாளொன்றுக்கு 250 முகப்பு எழுதியவர் உண்டு. தூரிகை நுனி சில கோடுகளில் விரிந்துவிடும். துணியிலே துடைத்தால் விலையுயர்ந்த மை வீணாகும். நீரிலே கழுவினாலும் வீணாகும். ஆகவே உதட்டில் வைத்துக் கூராக்கும்படி கற்பிக்கப்பட்டனர். உதட்டில் வை, மையில் தோய், எழுது. இம்மூன்று வினையும் நாள் முழுவதும். ஒவ்வொரு முறையும் சிறிது மை உள்ளே சென்றது. கேடில்லையா எனக் கேட்டவருக்குக் கேடில்லை என விடை கிடைத்தது. கன்னஞ் சிவக்கும் என்றுஞ் சொல்லப்பட்டது. வேலை முடிந்து இருளில் வீடு செல்கையில் அவர்களின் கூந்தலும் உடையும் மின்னின. பெண்கள் அதனை வேடிக்கையாகக் கொண்டு நகத்திலும் பல்லிலுங்கூடப் பூசிக்கொண்டனர்.

அதே கட்டடத்தின் ஆய்வுகூடத்தில், அதே பொருளைக் கையாண்ட இரசாயனர் ஈயத்திரைக்குப் பின் நின்று இடுக்கியாற் பற்றினர். எமது கருத்தில் இக்கதையின் மையம் இதுவே. அறியாமையால் நிகழ்ந்த விபத்து என்று பின்னாளிற் கூறப்பட்டது. அறிவு அக்கட்டடத்தில் இருந்தது. மேல்மாடிப் பெண்களுக்குக் கூறப்படவில்லை.

1920களின் தொடக்கத்திலே பெண்கள் பல்வைத்தியரை நாடினர். பிடுங்கிய பல்லின் குழி ஆறவில்லை. அடுத்த பல்லும் ஆடியது. தாடையெலும்பு துண்டு துண்டாகக் கையோடு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து நொண்டியவர், இரத்தஞ் சுண்டி வெளிறியவர் எனப் பலர். 1922இல் இறந்த ஒரு பெண்ணின் மரணச் சான்றில் காரணம் மேகநோய் என எழுதப்பட்டது. தொழிலாளப் பெண்ணொருத்தி காரணந் தெரியாது இறந்தால் அவள் ஒழுக்கத்தை ஐயுறுவது எளிது.

1924இல் கம்பனி ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிசில் டிறிங்கர் என்பவரைக் கொண்டு ஆய்வு நடத்துவித்தது. அவரும் அவர் குழுவினரும் பெண்களை இருட்டறையில் நிறுத்தினர். முகம், கை, கழுத்து, உள்ளாடை எல்லாம் ஒளிர்ந்தன. இரத்தப் பரிசோதனையில் எவருடைய இரத்தமும் முற்றும் இயல்பாக இல்லை. நோய்க்குக் காரணம் இரேடியமே என அவர் அறிக்கை எழுதினார். கம்பனி அதனை வெளியிட விடவில்லை. மாறாக, பெண்கள் யாவரும் நலமே என்று காட்டுந் திரித்த அட்டவணையொன்றை அவர் பெயரில் மாநிலத் தொழிற் திணைக்களத்துக்கு அனுப்பிற்று. ஹாவர்ட்டிற் பணியாற்றிய அலிஸ் ஹமில்டன் என்ற வைத்தியப் பெண்மணியும், நுகர்வோர் சங்கத்துப் பெண்களும் அச்சூழ்ச்சியை அறிந்து வெளிப்படுத்தினர். டிறிங்கரும் வழக்கு மிரட்டலைப் பொருட்படுத்தாது 1925இல் தம் ஆய்வை அச்சேற்றினார். கம்பனி சளைக்கவில்லை; பிளின் என்ற இன்னொரு விஞ்ஞானியைப் பிடித்தது. அவர் 1926இல் ஆபத்தில்லை என எழுதினார். பெண்களைப் பரிசோதித்து அவர்களுக்கு ஆறுதல் கூறிய அவர் வைத்தியரே அல்லர் என்பது பிறகே தெரிந்தது. விஞ்ஞானிகள் என்ற பொதுச்சொல்லைக் கையாள்வோர் டிறிங்கரையும் பிளின்னையும் ஒருசேர நினைத்துக்கொள்வது நல்லது.

உண்மையை முடிவாக நிலைநாட்டியவர் ஹரிசன் மாட்லண்ட். அம்மாவட்டத்தின் மரண விசாரணை வைத்தியர். 1925 யூன் மாதத்தில் கம்பனியின் தலைமை இரசாயனர் இறந்தார். அதுவரை எத்தனையோ பெண்கள் நோயுற்றும் இறந்தும் எழாத கேள்வி, கல்வி கற்ற ஆண் ஒருவர் இறந்ததும் எழுந்தது. மாட்லண்ட் அவர் உடலுறுப்புக்களை எரித்துச் சாம்பலாக்கி மின்மானியால் அளந்தார், கதிர் இருந்தது. அடுத்து உயிரோடிருந்த பெண்களை அளக்க வழி தேடினார். இரேடியம் சிதையும்போது றேடன் என்ற வாயு உண்டாகும்; எலும்பில் இரேடியம் இருப்பின் அவ்வாயு மூச்சோடு வெளிவரும். பெண்களைக் கருவிக்குள் மூச்சுவிடச் செய்து அதன் கதிரை அளந்தார். பௌதிகம் வைத்தியத்துக்குச் செய்த உதவிகளுள் இதனினும் துயரமான ஒன்று உண்டோ? தன் மூச்சிலே தன் மரணத்தின் அளவை ஒருத்தி காண்கிறாள்.

காரணத்தின் பொறிமுறையும் தெளிவாயிற்று. இரசாயனவியலின் ஆவர்த்தன அட்டவணையில் இரேடியம் கல்சியத்தின் நிரலிலேயே நிற்கிறது. உடல் அவ்விரண்டையும் வேறு பிரித்தறியாது. பால் தருங் கல்சியத்தை எங்கே சேர்க்குமோ அங்கே இரேடியத்தையுஞ் சேர்க்கிறது. இரேடியம் வெளிவிடும் அல்பாத் துணிக்கை கனமானது. ஒரு தாள் அதனைத் தடுத்துவிடும். ஆகவே வெளியே இருக்கும்போது அதற்கு அஞ்சவேண்டியது குறைவு. எலும்பினுள்ளே இருக்கும்போதோ இடையிலே தாளும் இல்லை, தோலும் இல்லை. எலும்புக் கலமும் இரத்தத்தை ஆக்கும் மச்சையும் நேரே அடிபடுகின்றன. இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டு. மெசோதோரியத்தினதோ ஆறாண்டிற்குங் குறைவு. அதனால் அது விரைந்து சுடுவது. ஒறேஞ்ச் நகரத்து மையில் இரண்டும் இருந்தன. 1927இல், மேகநோயால் இறந்தாள் எனப்பட்ட பெண்ணின் புதைகுழி தோண்டப்பட்டது. எலும்புகள் நிழற்படத் தகட்டின்மீது வைக்கப்பட்டன. இறந்து ஐந்தாண்டு கழிந்த எலும்பு தன் உருவைத் தானே தகட்டில் எழுதிற்று. மேகநோய் என்ற பொய் அத்துடன் ஒழிந்தது.

அவ்வாண்டிலேயே கிறேஸ் பிறையர் என்பவரும் வேறு நால்வரும் கம்பனிமீது வழக்குத் தொடுத்தனர். வழக்கை ஏற்கும் சட்டத்தரணி ஒருவரைத் தேடவே பிறையருக்கு நெடுங்காலஞ் சென்றது. நோய் வெளிப்பட ஆண்டுகள் பல செல்லும். மாநிலச் சட்டமோ இரண்டாண்டுக்குள் வழக்கிடவேண்டும் என்றது. சாட்சிக் கூண்டுக்கு வந்த பெண்களிற் சிலராற் சத்தியத்துக்குக் கையைத் தூக்கவும் இயலவில்லை. கம்பனிச் சாட்சிகள் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா செல்கின்றனர் எனக் கூறி வழக்கு 1928 செப்ரெம்பருக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குள் உயிரோடிருப்போமா என்பதே பெண்களின் கேள்வி. பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. யூன் மாதத்தில் சமரசம் ஏற்பட்டது: ஆளுக்கு 10,000 டொலர், ஆண்டுக்கு 600 டொலர், வைத்தியச் செலவு. கோரியது ஆளுக்கு 2,50,000. அந்த மையை ஆக்கிய சொக்கொக்கி என்பவரும் அதே ஆண்டு நவம்பரில் அதே விஷத்தால் இறந்தார். அவர் இறுதிநாளில் மாட்லண்டுக்குத் துணை நின்றார் என்பதை அவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

இலினோய் மாநிலத்து ஒற்றாவா நகரில் வேறொரு கம்பனி இதே தொழிலை நடத்தி வந்தது. நியூ ஜேர்சிச் செய்தி பரவியதும் அது உள்ளூர்ப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமிட்டுத் தன் மை தூயது, தன் தொழிலாளர் நலமுடையோர் என அறிவித்தது. தான் நடத்திய பரிசோதனை முடிவுகளை அப்பெண்களுக்கே காட்டவில்லை. 1938இல் கதறின் டொனகூ, எழ இயலாது தம் வீட்டுக் கட்டிலிற் கிடந்தபடியே சாட்சியங் கூறி வழக்கை வென்றார். அவ்வாண்டு யூலையில் இறந்தார். கம்பனியின் மேன்முறையீடுகள் அவர் மறைவுக்குப் பின்னும் நடந்து, 1939இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அதனைக் கேட்க மறுத்ததோடு ஓய்ந்தன.

இதற்கிடையில் இரேடியம் கலந்த நீரைச் சத்துமருந்தென்று புட்டியில் அடைத்து விற்றோரும் இருந்தனர். பைர்ஸ் என்ற கோடீசுவரர் அதனை ஆண்டுக்கணக்கிற் குடித்து 1932இல் தாடையின்றி இறந்தார். அப்போதுதான் அரசாங்கம் முழுவதுமாக விழித்தது. காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

மேரி கியூரி 1934 யூலை 4ஆந் திகதி எலும்பு மச்சை வரண்ட சோகையால் இறந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஐரீனும் அவர் கணவர் ஜோலியோவும் செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டனர். வைத்தியசாலைகளில் இன்று பயன்படும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களிற் பெரும்பாலன அக்கண்டுபிடிப்பின் வழிவந்தவை. பொதுவுடைமையாளரான ஜோலியோ காப்புரிமை விடயத்தில் மாமியார் வழியைப் பின்பற்றவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. 1939 மே மாதத்தில் அவரும் சகாக்களும் அணுச்சக்தி பற்றிய காப்புரிமைகளைப் பதிவுசெய்தபோது, தம் பெயரில் ஆதாயம் கொள்ளாது அரச ஆராய்ச்சி நிதியத்துக்கு அவற்றை உரிமையாக்கினர். திறந்த வாயிலிற் புகுவோன் யாரென்பதை இரேடியத்தின் வரலாற்றில் அவர் கண்டிருந்தார் என நாம் கருதுகிறோம். முந்தியவரின் ஈகை பெரிது. பிந்தியவரின் எச்சரிக்கை அதனிலும் பயனுடையது.

கடிகாரப் பெண்களின் எலும்பிலிருந்து பெற்ற அறிவு அவர்களுக்கு உதவவில்லை; பிறருக்கு உதவிற்று. மசசூசெட்சில் இறொப்லி எவன்சு என்ற பௌதிகர் அவர்களையும் இரேடிய நீர் குடித்தோரையும் அளந்து, எவ்வளவு இரேடியம் உடலில் இருப்பின் நோய் காணப்படவில்லை எனப் பார்த்தார். 1941இல் அதனடியாக ஓர் எல்லை வகுக்கப்பட்டது: ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பகுத்து, அதில் ஒன்றைப் பத்தாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. அணுகுண்டுத் திட்டத்தில் புளுத்தோனியத்தைக் கையாண்டோருக்கு வகுத்த எல்லையும் அந்த அளவை வைத்தே கணிக்கப்பட்டது. அப்பெண்கள் காத்தவர்களுள் ஒரு பகுதியினர் ஹிரோசிமாவுக்கும் நாகசாக்கிக்கும் குண்டு செய்தவர்கள். வரலாறு இப்படியுங் கணக்குத் தீர்க்கிறது. பின்னர் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் எஞ்சியிருந்த பெண்களைத் தேடிப்பிடித்து அளந்துவந்தது. அவ்வாய்வு 1993 வரை நடந்தது.

எலும்பை நாடிச் செல்லும் அதே குணத்தை மருந்தாக்கும் முயற்சி நோர்வே நாட்டு இரேடிய வைத்தியசாலை ஆய்வாளரிடம் தோன்றிற்று. பதினொரு நாள் அரைவாழ்வுடைய இரேடியம் 223, எலும்பிற் பரவிய ஆண்சுரப்பிப் புற்றுநோய்க்கு மருந்தாக 2013இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நோயாளரின் ஆயுளைச் சில மாதங்களேனும் நீட்டுகிறது, நோவையுந் தணிக்கிறது. எலும்பின் கதவைத் தட்டத் தெரிந்த இப்பொருளின் இயல்பை முதலில் உலகுக்குக் காட்டியவர்கள் யார் என்பது மருந்துப் பெட்டியில் எழுதப்பட்டிருக்காது. அம்மருந்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. சந்தைக்கு வந்தபோது ஆறு ஊசிகள் கொண்ட முழுச் சிகிச்சையின் விலை ஏறத்தாழ 69,000 டொலர்.

ஒற்றாவாக் கம்பனியின் தலைவராயிருந்தவர் அதே ஊரில் வேறு பெயரில் ஒரு தொழிற்சாலை திறந்தார். அது 1978 வரை நடந்தது. 2011இல் அந்நகரத்தில் ஒரு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கையில் தூரிகையோடு நிற்கும் ஓர் இளம்பெண். சிலை வேண்டுமென்று முயன்று பணஞ் சேர்க்கத் தொடங்கியவள், பாடசாலையில் இவ்வரலாற்றைப் பற்றி ஆராய்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி.